இறங்கும் துறையில் மறுகப்பல்

மன்னார்த் தீவு ஒடுங்கிய, நீண்ட மணல் தீவு. ஒரு நுனியில் பெருநிலத்தோடு சேர்க்கும் பாலம். மறு நுனியில் தலைமன்னார் இறங்குதுறை. இடையில் எருக்கலம்பிட்டி, தாழ்வுபாடு, தோட்டவெளி, பேசாலை என்று கடலைப் பார்த்தபடியே ஊர்கள். இங்குள்ள பெண்களிடம் "கடலில் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டால், ஒரு தலைமுறையினர் முழுவதும் ஆம் என்பார்கள். "விருப்பப்பட்டுப் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் உள்ளதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

நான் இந்தக் கரையோரக் கிராமங்களில் சமூகப் பணியாளராக வேலை செய்பவள். ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒருநாள் கப்பலைப் பற்றிய பேச்சு வந்தது. 2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' என்ற உல்லாசப் பயணக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கு வந்து போனது பலருக்கு நினைவிருந்தது. அப்படியான கப்பல்களில் உலகம் சுற்றுவோரில் சிலர், ஒரு பயணம் முடியும் அன்றே அதே துறையில் அடுத்த பயணத்தையும் தொடங்குவார்கள் என்று நான் சொன்னேன். சிலவேளை அதே கப்பல், அதே அறை. சிலவேளை ஒரு கப்பலால் இறங்கி, பக்கத்தில் நிற்கும் மறுகப்பலில் ஏறுவார்கள். ஓய்வூதியம் பெறும் முதியவர்களுக்கு இது பிடித்தமான பயணம். விமானத்துக்கு ஒருமுறை செலவழித்து இரண்டு பயணம் போய்விடலாம் என்பது அவர்களுடைய கணக்கு.

"இறங்கின உடன மறுகப்பலோ? அப்ப வீட்டில ஆர் சமைக்கிறது?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகு, மூலையில் கருவாட்டுக் கணக்குக் கொப்பியோடு இருந்த ஒரு அம்மா கேட்டார்: "எங்களால ஏலாதோ மிஸ்?"

ஏலும் என்பதே என் பதில். ஆனால் அதற்கு ஒரு திட்டம் வேண்டும். அந்தத் திட்டத்தை எப்படிப் போடுவது என்று அந்தச் சங்கத்துப் பெண்களோடு சேர்ந்து நான் கற்றதை, இதை வாசிக்கும் சகோதரிகளுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

பொருத்து நாள்

உல்லாசக் கப்பற் பயணிகளின் செல்வம் நம்மிடம் இல்லை. ஆயினும் அவர்கள் திட்டமிடும் முறையில் நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை உண்டு. இரண்டு பயணங்களை அடுத்தடுத்து வைக்கிறவர்கள் அதிகம் கவனிப்பது கடலில் கழியும் நாட்களை அல்ல. முதற் பயணம் முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த ஒரு நாளைத்தான். அதைப் பொருத்து நாள் என்று வைத்துக்கொள்வோம். கதவும் நிலையும் சேரும் இடத்தில்தானே பிணைச்சல் பிடிக்கிறது!

அந்த நாளில் முதற் பயணத்தின் கணக்கைக் கட்டி முடிக்க வேண்டும். அதே கப்பலில் தொடர்பவர் என்றாலும் சில துறைகளில் எல்லாரும் ஒருமுறை இறங்கி, குடிவரவு அதிகாரிகளிடம் பத்திரங்களைக் காட்டிவிட்டுத்தான் திரும்ப ஏறலாம். புதிய பயணத்துக்குப் புதிய அட்டை கொடுப்பார்கள். அறை மாறினால் பொதியை முதல் நாளே கட்டி வைக்க வேண்டும். அழுக்குத் துணி துவைக்க வேண்டும். மருந்து குடிப்பவர்கள் இரண்டு பயணத்துக்கும் சேர்த்து, மேலதிகமாகச் சில நாட்களுக்கும் மருந்து கொண்டுபோக வேண்டும். வேறு கப்பலில் ஏறுவதாயின், முதற்கப்பல் தாமதித்தால் மறுகப்பல் காத்திருக்காது. ஆகவே இடையில் ஒரு இரவையாவது விட்டுவைப்பதே புத்தி.

இதைச் சொன்னபோது சங்கத்துப் பெண்களுக்கு எதுவும் புதிதாகத் தெரியவில்லை. ஒரு பஸ்ஸால் இறங்கி மறு பஸ் பிடித்து, மாதாந்தக் கிளினிக்குக்குப் போய்வரும் பெண்ணுக்கு இது தெரிந்த கணக்குத்தான்.

ஒரே ரிக்கற்றில் கடல் கடந்த காலம்

உண்மையில் இந்தப் பொருத்தை உலகுக்குக் காட்டிய இடங்களில் ஒன்று நமது தலைமன்னார். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் சேர்ந்தது. சென்னையில் புகையிரதம் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னாருக்கு வந்து, இறங்குதுறையிலேயே நிற்கும் புகையிரதத்தில் கொழும்புக் கோட்டைக்குப் போனார். முழுப் பயணத்துக்கும் ஒரே ரிக்கற். 'போட் மெயில்' என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். இர்வின், கோஷன் ஆகிய கப்பல்களின் பெயர்கள் இன்றும் சில முதியவர்களின் வாயில் வரும். இரு கரைக்கும் இடையில் இருப்பது ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடல் மட்டுமே.

அந்தக் காலத்தை ஒரேயடியாகப் பொற்காலம் என்று சொல்லிவிடவும் முடியாது. மலையகத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, நோய்ச் சோதனை முடிந்த பிறகே இக்கரைக்கு அனுப்பப்பட்டார்கள். அதற்கும் முந்திய தலைமுறையினர் மன்னார்க் கரையில் வந்திறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் மடிந்தோர் பலர். அவர்களில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான பின்னர், அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதே தலைமன்னார்த் துறையால்தான் பெட்டி படுக்கைகளோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். போனவர்களுக்குத் திரும்பி வரும் ரிக்கற் இருக்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த புகையிரதமே கடலோடு போனது. பயணித்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் 'இராமானுஜம்' என்ற கப்பல் ஓடியது. 1980களின் முற்பகுதியில் போர் மூண்டதோடு அதுவும் நின்றது. 1990இல் புகையிரதமும் நின்றது. 2015 மார்ச் 14இல் தலைமன்னார் இறங்குதுறை வரையான புகையிரதப் பாதை மறுபடி திறந்து வைக்கப்பட்டது. கப்பலைப் பற்றிய பேச்சு இடைக்கிடை எழும், அடங்கும். பழைய இறங்குதுறையின் இரும்பு துருவேறிக் கடலுக்குள் நிற்கிறது. பக்கத்தில் வெளிச்சவீடு. அங்கு போய் நின்று பார்ப்பவர்களுக்கு, ஒரு பொருத்து உடைந்தால் இரு பக்கமும் எப்படித் தனித்துப் போகும் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை.

திட்டமில்லாத கடல்

கப்பல் நின்றது. கடற்பயணம் நிற்கவில்லை. போர்க்காலத்தில் பேசாலையிலும் தலைமன்னாரிலும் இருந்து இரவோடிரவாகப் படகேறியவர்கள் எத்தனை பேர்! ஒரு பை, ஒரு போத்தல் தண்ணீர், இடுப்பில் ஒரு பிள்ளை. சிலரைப் படகுக்காரர்கள் மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுப் போனார்கள். தண்ணீர் ஏறுவதற்குள் யாராவது வருவார்களா என்று அந்த மணலில் நின்றவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். வராமலே போனவர்களும் உண்டு.

வடக்கே போன கடலை மட்டும் பேசினால் பாதிக் கதைதான் பேசியதாகும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில், இந்தத் தீவைச் சேர்ந்த பலர் படகுகளில் தெற்கே கற்பிட்டிக்குப் போனார்கள். எருக்கலம்பிட்டிப் பெண்களிடமும் ஒரு கடற்பயணக் கதை இருக்கிறது. அதிலும் அதே பை, அதே தண்ணீர்ப் போத்தல், அதே பிள்ளை. 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தபோதும் இக்கரையிலிருந்து சில குடும்பங்கள் மறுபடி இந்தியாவுக்குப் படகேறின.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது இடப்பெயர்வுக்குப் பல வரைவிலக்கணங்கள் படித்தோம். களத்தில் நான் கண்டதைச் சுருக்கமாகச் சொன்னால், இடம்பெயர்பவளுக்குப் புறப்படும் நேரத்தைத் தெரிவு செய்ய முடியாது, திரும்பும் நேரமும் தெரியாது. பயணம் போகிறவளுக்கு இரண்டும் தெரியும். ஆகவே நமது பெண்கள் ஒரு பயணத்துக்குத் திட்டம் போடுவதை வெறும் பொழுதுபோக்கு என்று நான் கருதவில்லை. நம்மிடமிருந்து பறிபோன இரண்டு நேரங்களையும் திரும்ப நம் கையில் எடுப்பதாகவே கருதுகிறேன்.

குறிகட்டுவானில் முதல் ஒத்திகை

முதற் பயணத்தைப் பக்கத்துக் கடலில் வைத்துக்கொள்வோம் என்று சங்கம் முடிவு செய்தது. கடவுச்சீட்டு வேண்டாம், விசா வேண்டாம். பத்துப் பெண்கள், இரண்டு படகுகள். நெடுந்தீவு, அதன் பின் நயினாதீவு. இரண்டுக்கும் ஒரே துறை: குறிகட்டுவான். நெடுந்தீவிலிருந்து வரும் படகால் இறங்கி, அதே துறையில் நயினாதீவுப் படகில் ஏறலாம். உல்லாசக் கப்பற்காரர்களின் தொடர்பயணத்துக்கு நம் கையிலுள்ள காசில் வேறென்ன பெயர்?

மாதத்தைத் தெரிவு செய்தவர்கள் கடற்றொழிலாளர் குடும்பத்துப் பெண்கள். வாடைக் காற்று ஓய்ந்து சோளகம் எழுவதற்கு முன், பங்குனி மாதத்தில் கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். எனது கலண்டரைவிட அவர்களுடைய காற்றுக் கணக்கு உறுதியானது. ஆறு மாதத்துக்குக் கிழமைக்கு 300 ரூபா வீதம் தனிக்கொப்பியில் சேர்த்தார்கள். கடன் எடுத்துப் போவதில்லை என்பது முதல் தீர்மானம். நுண்கடன் எத்தனை வீட்டு முற்றத்தில் வந்து குந்தியிருந்தது என்பது இவர்களுக்குத் தெரியும்.

மன்னாரிலிருந்து பூநகரி வழியாக, 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணம் போய், அன்றிரவு அங்கே தங்கினோம். அந்த இரவு வீண்செலவு என்று இருவர் வாதாடினார்கள். காலைப் படகைத் தவறவிட்டால் முழுத் திட்டமும் போய்விடும் என்று மற்றவர்கள் விளக்கினார்கள். மறுநாள் விடியற்காலை தீவகப் பாதையால் பஸ்ஸில் குறிகட்டுவான்.

துறையில் ஒரு தடங்கல் ஏற்பட்டது. எங்களோடு வந்த அக்கா ஒருவர், ஐம்பது தாண்டியவர், படகடிக்குப் போனதும் நின்றுவிட்டார். 1990இல் கைக்குழந்தையோடு தலைமன்னாரிலிருந்து படகேறி, 1990களின் நடுப்பகுதியில் திரும்பி வந்தவர். அதன் பிறகு கடலில் கால் வைத்ததில்லை. யாரும் அவரை இழுக்கவில்லை. ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அக்கா படகுக்காரரிடம் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, திரும்பி வாற போட் எத்தினை மணிக்கு?" அவர் நேரத்தைச் சொன்னார். அக்கா மறுபடி கேட்டார். மறுபடி சொன்னார். மூன்றாம் முறை கேட்டு, பதிலைக் கேட்ட பிறகு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார்.

நெடுந்தீவுக் கடலுக்கும் ஒரு துயரம் உண்டு. 1985 மே 15இல் 'குமுதினி' படகில் முப்பதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளைத் தீவு மக்கள் நினைவுகூருகிறார்கள். மாவிலித்துறையில் இறங்கியதும் நாங்களும் சிறிது நேரம் பேசாமல் நின்றோம். பிறகு நடந்தோம். முருகைக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள், வெளியில் மேயும் குதிரைகள், இடிந்த கோட்டை. பெருக்கமரத்தைக் கண்டதும் பள்ளிமுனைப் பெண் ஒருவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மன்னார்ப் பள்ளிமுனையிலும் இதைப்போல ஒரு பெருக்கமரம் நிற்கிறது. அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டது என்று இரண்டு ஊரிலும் ஒரே கதை சொல்கிறார்கள். "எங்கட மரத்தின்ர சொந்தக்காரர் இஞ்ச இருக்கினம்" என்று அதைத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் காலை நெடுந்தீவுப் படகால் இறங்கி, துறையில் தேநீர் குடித்து, ஆட்களை எண்ணி, பைகளை எண்ணி, நயினாதீவுப் படகேறினோம். அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் போனோம். எங்களில் நால்வர் கத்தோலிக்கர், ஒருவர் முஸ்லிம். கோயில் வாசலில் பைகளுக்குக் காவல் இருந்தது அந்த முஸ்லிம் சகோதரிதான். "உங்கட நேர்த்திக்கு நான் காவல், நாகூருக்குப் போகேக்க நீங்கள் காவல்" என்றார். நாகூர் என்ற பெயர் அப்போதுதான் முதன்முதலாக வெளியே வந்தது.

காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம்

நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் 2023 ஒக்டோபர் 14இல் பயணிகள் கப்பற் சேவை தொடங்கியது. 'செரியபாணி' என்ற கப்பல் சில நாட்கள் ஓடியது. பிறகு மாரிக்காலம் வந்து நின்றது. 2024 ஓகஸ்ட் 16இல் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கி, அந்த ஆண்டு நவம்பரில் காலநிலையால் மறுபடி நின்று, 2025 பெப்ரவரியில் மறுபடி ஓடியது. கடலில் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம். இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு: மாரியை நம்பித் திகதி வைக்கக் கூடாது. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயல் மன்னாரை எப்படி வெள்ளத்தில் ஆழ்த்தியது என்பதைப் பார்த்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. கப்பல் ஓடும் நாட்களும், கட்டணமும், கொண்டுபோகக்கூடிய பொதியின் நிறையும் மாறிக்கொண்டிருப்பவை. பணம் கட்டுமுன் அந்தக் கிழமை விபரத்தை நேரே கேட்டறியுங்கள்.

நாகபட்டினத்திலிருந்து வேளாங்கண்ணியும் நாகூர்த் தர்காவும் சிக்கல் முருகன் கோயிலும் கிட்டிய தூரம். மூன்று சமயத்துப் பெண்களும் ஒரே துறையில் இறங்கலாம். ஆடித் திருவிழாவுக்கென்றும் ஓகஸ்ட் 15 பெருவிழாவுக்கென்றும் மடுவுக்குப் போகும் நம் பெண்கள், ஓகஸ்ட் 29இல் கொடியேறும் வேளாங்கண்ணித் திருவிழாவைப் பற்றிக் காலங்காலமாகக் கேள்விப்பட்டவர்கள்தான். ஆனால் திருவிழா நாளில் தங்குமிடம் கிடைப்பது சிரமம். முதற்தடவை போகிறவர்களுக்குத் திருவிழா இல்லாத மாதமே நல்லது.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறிய அக்காவுக்கு இதில் வேறொரு காரியமும் உண்டு. 1990இல் ஒன்றாகப் படகேறிய தங்கை திரும்பி வரவில்லை. தமிழ்நாட்டில் முகாமிலேயே கல்யாணம் முடித்து, பிள்ளைகள் பெற்று, இப்போது பேத்தியும் கண்டுவிட்டார். இருவரும் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். தொட்டுப் பார்த்து முப்பது ஆண்டுகள். இவர்களுக்காகத் திட்டம் போடும்போதுதான், தொடர்பயணத்தின் பொருத்து எவ்வளவு நுட்பமானது என்பது எங்களுக்கு விளங்கியது. இங்கே இரண்டு கப்பல்களை அல்ல, இரண்டு பெண்களின் பயணங்களை ஒரே நாளில் சேர்க்க வேண்டும்.

அதற்காக நாங்கள் எழுதிய பட்டியலிலிருந்து, எல்லோருக்கும் உதவக்கூடியவற்றைத் தருகிறேன்.

முதலாவது, பத்திரங்கள். இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்தவர்கள் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். அதிலுள்ள பெயரும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒரே எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓர் எழுத்துப் பிழை மாதக்கணக்கில் இழுக்கும். கடவுச்சீட்டுக்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. வவுனியாவிலும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் உண்டு. இந்திய விசாவைப் புறப்படுமுன் பெற்றிருக்க வேண்டும். கப்பல் ரிக்கற்றை அதன் பிறகு எடுங்கள்.

இரண்டாவது, பிள்ளைகள். தமிழ்நாட்டில் பிறந்து பெற்றோருடன் திரும்பி வந்த பிள்ளைகளிடம் இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் இருந்தால், இலங்கைக் குடியுரிமைப் பதிவு முடிந்ததா என்று முதலில் உறுதிப்படுத்துங்கள். கணவர் காணாமற்போன பெண்கள், பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கும்போது தகப்பனைப் பற்றிய கேள்விக்கு என்ன பத்திரம் காட்டுவது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். காணாமற்போனவர் எனப் பதிந்து சான்றிதழ் தரும் ஏற்பாடு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அதை எடுப்பதா விடுவதா என்பது அந்தப் பெண்ணின் தீர்மானம். ஒரு பயணத்துக்காக அவரை யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

மூன்றாவது, சந்திக்கும் இடம். முகாமுக்குள் வெளியார் நினைத்தபடி போய்வர முடியாது. 2021இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றப்பட்டது. ஆனாலும் அங்கிருப்பவர் பல நாள் வெளியே தங்குவதாயின் அதிகாரிகளிடம் சொல்லிவிட்டு வர வேண்டியிருக்கும். ஆகவே முகாமுக்குப் போகத் திட்டமிடாமல், வேளாங்கண்ணி போன்ற பொது இடத்தில் சந்திப்பை வையுங்கள். ஒரே நாளை நம்பாமல், இரண்டு நாளைக் குறியுங்கள். கப்பல் ஒருநாள் பிந்தினாலும் அக்கா வருவார். அனுமதி ஒருநாள் பிந்தினாலும் தங்கை வருவார்.

நான்காவது, காசு. கப்பற் கட்டணம் மட்டும் செலவல்ல. விசா, படம், பிரதி, பஸ், இரவுத் தங்கல், சாப்பாடு, அந்த நாட்களில் இழக்கும் கூலி எல்லாவற்றையும் எழுதுங்கள். கப்பல் ஓடாமல் அக்கரையில் மூன்று நாள் தங்க நேர்ந்தால் வேண்டிய காசைத் தனி உறையில் வைத்து, வேறொருவரின் பையில் வையுங்கள்.

ஐந்தாவது, உடம்பு. பிரஷர், சீனி மருந்துகளை இரண்டு மடங்கு எடுத்துச் செல்லுங்கள். வைத்தியர் எழுதிய துண்டும் கூட இருக்கட்டும். படகில் உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

ஆரிட்டக் கேக்கிறது?

பத்திரத்தையும் காசையும்விடக் கடினமான ஒன்று உண்டு. நெடுந்தீவுக்குப் போவதற்கு முன் ஒரு பெண் என்னிடம் சொன்னார்: "சுற்றுலா எண்டு சொல்லாதேங்கோ மிஸ். நேர்த்தி எண்டு சொல்லுவம். புருசன் இல்லாதவள் ஊர் சுத்துறாள் எண்டு கதை வரும்."

கோயில், தேவாலயம், தர்கா என்ற பெயரில்தான் நம் பெண்களுக்கு வெகுகாலமாக வாசற்படி தாண்ட அனுமதி கிடைத்திருக்கிறது. அந்த வழியை நான் குறைவாக நினைக்கவில்லை. அது நம் பாட்டிமார் கண்டுபிடித்த வழி. ஆனால் ஒரு பெண் கடலைப் பார்ப்பதற்காகவே கடலுக்குப் போனேன் என்று சொல்லக்கூடிய நாளும் வரவேண்டும். பிள்ளைகளை வளர்த்து, கடன் கட்டி, காணாமற்போனவரைத் தேடி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய கால்கள், ஏதொரு காரணமும் இல்லாமல் இரண்டு நாள் படகில் தொங்குவதால் எந்த ஊருக்கு என்ன குறை?

திரும்பி வந்த கூட்டத்தில் அதே பெண்ணிடம் இதைக் கேட்டேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "நேர்த்தியும்தான், பாக்கிறதும்தான். ரெண்டையும் சேத்து எழுதுங்கோ" என்றார். நான் அப்படியே எழுதிவிட்டேன்.

வீட்டைப் பொறுத்தவரை சங்கம் ஓர் ஒழுங்கு செய்தது. ஐந்து பேர் போகும்போது ஐந்து பேர் ஊரில் நிற்பார்கள். போகிறவரின் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் நிற்பவர் பொறுப்பு. அடுத்த தடவை முறை மாறும். உல்லாசக் கப்பலில் சமைப்பதற்கும் துவைப்பதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நமக்கு அயலவள் இருக்கிறாள்.

அக்காவின் கடவுச்சீட்டு வந்துவிட்டது. படத்தில் சிரிக்கக் கூடாது என்று சொன்னதால் கோபமாக இருப்பதுபோல் விழுந்திருக்கிறது என்று அவருக்குக் குறை. தங்கையின் அனுமதியும் விசாவும் இனித்தான். திகதி இன்னும் வைக்கவில்லை. வாடை ஓய வேண்டும், கப்பல் ஓட வேண்டும், கொப்பியில் காசு நிறைய வேண்டும். இவற்றில் எதுவும் நம் சொல்லுக்குக் கட்டுப்பட்டது அல்ல. ஆனால் எது முதலில், எது பிறகு என்பது இப்போது எழுத்தில் இருக்கிறது.

சகோதரிகளே, உங்கள் சங்கத்திலும் ஒரு கொப்பி எடுங்கள். பக்கத்துத் தீவானாலும் சரி, அக்கரையானாலும் சரி, முதற் பக்கத்தில் போகும் நேரத்தை எழுதுமுன் திரும்பி வரும் நேரத்தை எழுதுங்கள். நம்மில் பலருக்கு முன்னைய பயணங்களில் அந்த வரி இருக்கவில்லை.